எங்கள் கட்டடத்தின் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்

ஊராட்சித் தனி அலுவலர் ஐயா அவர்களுக்கும், வரப்போகிற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊரில் நிற்க இருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் அக்கா தங்கைமாருக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரில் 16 வருடம் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராக இருந்தவள். கண் சரியாகத் தெரியாததால் கணக்கு நோட்டுகளை இளையவள் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு இப்போது சாதாரண உறுப்பினராக இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் ஊருணிக்கும் நடுவில் பூட்டிக் கிடக்கிறதே மகளிர் குழுக் கட்டடம், அதைப் பற்றித்தான் இந்த மடல். ஊராட்சி அலுவலகத்தில் மூன்று முறை மனுக் கொடுத்தோம். மூன்றுக்கும் பதில் இல்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கட்டும் என்று வெளிப்படையாக எழுதுகிறேன்.

அந்தச் சாவியை யாரும் எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. நான்தான் என் கையால் கொடுத்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நிவாரணத் தார்ப்பாயும் அரிசி மூட்டையும் நனையாமல் வைக்க இடமில்லை, ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டடத்தைக் கொடுங்கள் என்று ஊராட்சியிலிருந்து வந்து கேட்டார்கள். ஊரே ஓடு பறந்து நிற்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். தார்ப்பாய் போய்ச் சேர்ந்தது, அரிசி போய்ச் சேர்ந்தது. சாவி மட்டும் திரும்பி வரவில்லை. அப்புறம் கொரோனா வந்தது. அதன் பிறகு பிளீச்சிங் பவுடர் மூட்டை, எரியாத தெருவிளக்குகள், உடைந்த குப்பை வண்டி என்று ஒவ்வொன்றாக உள்ளே போயின. இப்போது ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தால் அந்த மூட்டைகளுக்குப் பின்னால் எங்கள் அண்டா கவிழ்ந்து கிடப்பது தெரிகிறது.

அந்த அண்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2009-ஆம் வருடம் காணும் பொங்கலன்று எங்கள் குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் பொங்கல் வைப்பது என்று முடிவு செய்தோம். வாடகைப் பாத்திரம் எடுத்தால் கீழத்தெருவுக்குக் கொடுத்தோமா, மேலத்தெருவுக்குக் கொடுத்தோமா என்று பாத்திரக்காரர் கேட்பார். அந்தப் பேச்சே வேண்டாம், சொந்தமாக வாங்கிவிடுவோம் என்று ஆளுக்கு 50 ரூபாய் போட்டோம். குழுச் சேமிப்பிலிருந்து ஒரு பைசா எடுக்கவில்லை. இது தனி வசூல், தனி நோட்டு, இன்றைக்கும் காட்டுகிறேன். நாங்கள் நாலு பேர் பஸ் ஏறிப் புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போய், கடை கடையாகத் தட்டிப் பார்த்து, 15 படி அரிசி வேகிற அண்டா ஒன்றும் அதற்குச் சேர்ந்த மூடியும் வாங்கினோம். பேர் வெட்டுகிறவர் உளியைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்து வைக்கும்போது யார் பேரைப் போடுவது என்று கேட்டார். "மகளிர் குழுக்கள்" என்று பன்மையில் வெட்டுங்கள் என்றோம். திரும்பும்போது பஸ்ஸில் அண்டாவுக்கு டிக்கெட் கேட்டார்கள். கொடுத்தோம். வீட்டுச் சீர்வரிசைப் பாத்திரத்தில் மாமியார் பேரும், அம்மா வீட்டுப் பேரும், புருஷன் பேரும் இருக்கும். எங்களுக்கென்று பேர் வெட்டிய முதல் பாத்திரம் அதுதான்.

அதில் பத்து வருடம் பொங்கல் வைத்தோம். மார்ச் 8-க்கு மகளிர் தினம் வைத்தோம். அன்றைக்குக் காலையில் கோலப்போட்டி, சாயங்காலம் கும்மி. சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு மறந்துபோகாமல் இருக்க அப்பத்தாக்கள் முதல் அடி எடுத்துக்கொடுப்பார்கள். ஒரு வருடம் கடன் தராமல் ஆறு மாதம் அலையவிட்ட வங்கியைப் பற்றி அப்போதைக்கு அப்போதே அடி கட்டி ஒரு அப்பத்தா பாடியதும், அதற்கு 60 பேர் சேர்ந்து கைதட்டியதும் இன்னும் காதில் இருக்கிறது. 10-ஆம் வகுப்பு பாஸான பிள்ளைகளுக்கு ஒரு சில்வர் டம்ளராவது கொடுப்போம். யார் வீட்டில் பேறுகாலமோ அவளுக்குக் குழுச் சார்பில் வளையல் போடுவோம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "குழுன்னா சேமிப்பு, கடன், வசூல். கும்மி கொட்டவா கட்டடம் கட்டிக் கொடுத்தாங்க?" என்று ஊராட்சிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. கோபத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. இப்போது சொல்கிறேன்.

கஜா அடித்து ஓய்ந்த அன்று காலையில் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கீரமங்கலம் பக்கம் முழுக்கத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ரோட்டில் நடக்க வழியில்லை. மின்கம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதிகாரிகள் வந்து சேரும் முன்னாலேயே, முதல் நாள் மத்தியானமே, இந்தக் கட்டடத்து வாசலில் கல் கூட்டி அந்த அண்டாவை ஏற்றினோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருத்தி அரிசி கொண்டுவந்தாள், ஒருத்தி ஓட்டுக்கு அடியில் நனையாமல் கிடந்த விறகைத் தேடிக் கொண்டுவந்தாள். 200 பேருக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு உப்பு, எப்போது கஞ்சி வடிக்க வேண்டும், யார் பந்திக்கு நிற்க வேண்டும், யார் கையில் கரண்டியைக் கொடுத்தால் எல்லாருக்கும் சமமாக விழும், இதையெல்லாம் அன்றைக்கு உட்கார்ந்து பேச நேரமில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. பத்துப் பொங்கலில் பழகியது. 11 நாள் அந்த அண்டா அடுப்பை விட்டு இறங்கவில்லை. கும்மி கொட்டியவர்கள்தான் ஊருக்குச் சோறு போட்டார்கள். அந்தச் சோற்றை, கேள்வி கேட்ட அந்த ஐயா வீட்டாரும் சாப்பிட்டார்கள். சொல்லிக்காட்டவில்லை, பசி எல்லாருக்கும் பொதுதானே. ஆனால் கேட்டதற்குப் பதில் இதுதான்.

மகளிர் குழு என்பது 1989-இல் தர்மபுரியில் ஆரம்பித்து, 1997-98-இல் மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. பயிற்சியில் எங்களுக்கு முதலில் ஐந்து விதி சொல்லிக்கொடுத்தார்கள்: தவறாமல் கூடுவது, சேமிப்பது, உள்கடன் கொடுப்பது, திருப்பிக் கட்டுவது, கணக்கு எழுதுவது. பிறகு சுகாதாரம், படிப்பு, ஊராட்சிப் பணிகளில் பங்கு, அரசு உதவிகளைப் பெறுவது, வாழ்வாதாரம் என்று இன்னும் ஐந்து சேர்த்துப் பத்தாக்கினார்கள். நல்ல விதிகள். எல்லாவற்றையும் கடைப்பிடித்தோம். ஆனால் 12 பேரோ 20 பேரோ ஒருத்திக்காக ஒருத்தி பொறுப்பேற்று வங்கியில் கையெழுத்துப் போட வேண்டுமானால், அவள் யார், அவள் வீட்டில் என்ன கஷ்டம், எதற்குச் சிரிப்பாள், எதற்கு அழுவாள் என்று தெரிந்திருக்க வேண்டும். வசூல் கூட்டத்தில் அது தெரியாது. கோலம் போடும்போது தெரியும், வெங்காயம் உரிக்கும்போது தெரியும்.

பெண்களைக் குழுவாகச் சேர்க்கிறவர்கள் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். நுண்கடன் கம்பெனிக்காரர்களும் எங்களைக் குழு என்றுதான் கூப்பிடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் வரிசையாக உட்கார வைப்பார்கள். ஒருத்தி பணம் கொண்டுவராவிட்டால் மற்றவர்களைப் போகவிட மாட்டார்கள். அங்கேயும் பத்துப் பேர் கூடுகிறார்கள். ஆனால் எழுந்து போகும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. எங்கள் கட்டடம் பூட்டிய இந்த வருடங்களில் நம் ஊரில் அந்த மாதிரிக் கூட்டம் எத்தனை வாசலில் நடக்கிறது என்று ஒரு நாள் காலையில் நடந்து பாருங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை என்று நினைக்கிறேன். 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, எழுத்துப் படிப்போடு சைக்கிள் படிப்பையும் சேர்த்தார். அப்போது எனக்கு 19 வயது. வாடகைக் கடையில் எடுத்த ஆம்பளை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, முழங்கால் இரண்டும் தேய்ந்து, ஊருணிக்கரையில் கற்றுக்கொண்டேன். அப்புறம் லேடீஸ் சைக்கிள் கிடைத்தபோதும் நிறையப் பேர் ஆம்பளை சைக்கிளையே விரும்பினார்கள். அதில்தான் முன்னால் பார் இருக்கும், பிள்ளையை உட்கார வைக்கலாம். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் போனார்கள். கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு. அதுவும் ஒரு விழாதான். அந்த ஒரு நாளைப் பார்த்துவிட்டு, அதுவரை வேண்டாம் என்ற எத்தனையோ அப்பன்மார் மறுநாளே பிள்ளைகளை அனுப்பினார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். கூடிக் கொண்டாடுவது எதற்கு என்று நான் அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.

சரி, விழாதானே, கோயில் திருவிழா இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. முளைப்பாரி தூக்குகிறோம், தென்னம்பாளை வைத்த மதுக்குடம் எடுக்கிறோம். பத்து நாள் இருட்டறையில் தண்ணீர் தெளித்து முளை வளர்ப்பதும் நாங்கள்தான். ஆனால் அந்தத் திருவிழாவில் வரி தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் ஆம்பளை. புருஷன் செத்துப்போனால் அந்த வீடு கணக்கில் பாதி ஆகிறது, அல்லது இல்லாமலே போகிறது. யார் முதல் முளைப்பாரி தூக்குவது, எந்தத் தெரு எங்கே நிற்பது என்பதெல்லாம் நாங்கள் பிறக்கும் முன்பே முடிவானது. அதை மாற்ற இந்த மடலில் நான் கேட்கவில்லை. தலைக்கட்டு எண்ணாமல் தலையை எண்ணுகிற ஒரு விழா ஊரில் இருந்தது, அது எங்களுடையது என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் மகளிர் தினத்தன்று ஒன்று நடந்தது. குத்துவிளக்கு வைத்து, எண்ணெய் விட்டு, திரி போட்டுத் தயாராக இருந்தது. ஏற்றுவதற்கு ஒரு சுமங்கலியைக் கூப்பிட்டோம். நான்தான் கூப்பிட்டேன், யோசிக்காமல். எங்கள் குழுவில் வங்கியில் முதல் கையெழுத்துப் போட்ட மூத்த அக்கா ஒருத்தர், கைம்பெண், யாரும் சொல்லாமலே இரண்டு எட்டுப் பின்னால் போய்ச் சுவர் ஓரம் நின்றுகொண்டார். கையில் தீப்பெட்டி இருந்தது. அவர்தான் வாங்கி வந்தவர். அந்தத் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் பேச்சை எடுக்கும் முன் இளையவள் ஒருத்தியே எடுத்தாள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்: "இனி நம் விழாவில் விளக்கை, வந்திருப்பவர்களில் வயதில் மூத்தவர் ஏற்றுவார்." அதற்குக் கீழே 18 கையெழுத்து. மறு வருடம் அந்த அக்கா ஏற்றினார். கை நடுங்கி மூன்று குச்சி அணைந்தது, நாலாவதில் பிடித்தது. ஒருவர்கூடப் பேசவில்லை, பிடித்த பிறகு குலவை போட்டார்கள். அந்த அக்கா இப்போது உயிரோடு இல்லை. அந்த விளக்கும் உள்ளேதான் இருக்கிறது, அண்டாவுக்குப் பக்கத்தில்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் எங்களுக்கு ஏன் வேறு எந்த இடமும் போதாது, அந்தக் கட்டடமே ஏன் வேண்டும் என்று புரியாது.

சாவி போன பிறகு, 2019 மகளிர் தினத்தை மேலத்தெருவில் ஒரு மதினி வீட்டு வாசலில் வைத்தோம். நல்ல மனசோடுதான் அவர் வாசலைக் கொடுத்தார். கிழக்குக் குடியிருப்பிலிருந்து எங்கள் குழுப் பெண்கள் 11 பேர் வந்தார்கள். வந்தவர்கள் ரோட்டிலேயே நின்றார்கள். வாங்க, வாங்க என்று கூப்பிட்டேன். இரண்டு பேர் மட்டும் வந்து நாற்காலியில் உட்காராமல் விளிம்பில் நின்றார்கள். உள்ளே இருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் உள்ளே போனார். அவ்வளவுதான். ஒரு சொல் இல்லை. "வேலை கிடக்குக்கா" என்று சொல்லிவிட்டு அந்த இரண்டு பேரும் கிளம்பினார்கள். மீதிப் பேரும் அவர்களோடு போனார்கள். அடுத்த வருடம் யாரும் வரவில்லை. இப்போது அவர்கள் தனியாகக் கொண்டாடுகிறார்கள், நாங்கள் தனியாக. பத்து வருடம் ஒரே அண்டாவில் சாப்பிட்டவர்கள்.

காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மனசுக்கு நிறைவாக இருந்தது. சொல் போகட்டும். அதோடு கூட, அந்தத் தெருப் பெண்களும் மற்றத் தெருப் பெண்களும் கூச்சமில்லாமல் ஒரே பாயில் உட்கார ஓர் இடமும் வேண்டும். வீட்டு வாசல் என்றால் அது ஒரு தெருவின் வாசல். கோயில் மண்டபம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கல்யாண மண்டபத்துக்கு வாடகை கொடுக்க எங்களால் ஆகாது. நம் ஊரில் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத கூரை அந்த ஒன்றுதான். ஊருக்கும் கிழக்குக் குடியிருப்புக்கும் நடுவில் அது அமைந்ததை நான் பெரிய பாக்கியமாக நினைத்திருந்தேன்.

அரசு விழா என்றால் எங்களைத் தேடி வருகிறீர்கள். ஒரே நிறச் சேலை கட்டி வரச் சொல்லி வேன் அனுப்புகிறீர்கள். போகிறோம், வெயிலில் உட்காருகிறோம், பொட்டலச் சோறு வாங்கிக்கொண்டு ராத்திரி வீடு திரும்புகிறோம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு விடியுமுன்னே போய் உப்புமாவும் பொங்கலும் கிண்டுவது எங்கள் குழுப் பெண்கள்தான். அந்த வேலையைப் பெருமையாகச் செய்கிறார்கள். கிராம சபைக்கும் நாங்கள்தான் வேண்டும். நம் ஊர் மக்கள்தொகைக்குக் கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் 100 பேர் வந்திருக்க வேண்டும். எங்கள் 7 குழுக்களில் மட்டும் 96 பேர் இருக்கிறோம். நாங்கள் வராவிட்டால் உங்கள் தீர்மானம் எதுவும் நிறைவேறாது. ஊருக்கு வேண்டியபோதெல்லாம் வந்தவர்கள், எங்களுக்கென்று மாதத்தில் ஒரு சாயங்காலமும் வருடத்தில் இரண்டு விழாவும் கேட்கிறோம்.

தனி அலுவலர் ஐயா, உங்களால் ஆகக்கூடியது எது என்பதை யோசித்துத்தான் கேட்கிறேன். பிளீச்சிங் பவுடருக்கும் குப்பை வண்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மோட்டார் அறை போதும். மூட்டைகளை நாங்களே சுமந்து மாற்றித் தருகிறோம். கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக்குக் கதவு இல்லை, அதைப் போட்டுத் தர வேண்டும். ஊருணிக்கரை வழியில் கம்பம் இருக்கிறது, விளக்கு எரியவில்லை. இருட்டில் அந்த வழியே எங்கள் பிள்ளைகளை நடக்கவிட முடியாது. அடுத்த கிராம சபையில், இந்தக் கட்டடம் மகளிர் குழுக்களின் பொறுப்பில் இருக்கும், எல்லாத் தெருக் குழுக்களும் முறை வைத்துப் பயன்படுத்தும், சாவி மாதம் ஒரு குழுவிடம் இருக்கும் என்று ஒரு தீர்மானம் வையுங்கள். முதல் மாதச் சாவி கிழக்குக் குடியிருப்புக் குழுவிடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது இரண்டு பேர் முகத்தைத் திருப்பினார்கள், மற்றவர்கள் சரி என்றார்கள்.

தேர்தலில் நிற்கப்போகிறவர்களே, உங்களுக்கும் ஒன்று. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இலேயே சட்டம் வந்துவிட்டது. இந்த முறை நிற்கிற தங்கைகளில் சிலர் எங்கள் கூட்டத்தில்தான் முதல்முதலாக எழுந்து நின்று பேசியவர்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது சேலை வேண்டாம், குடம் வேண்டாம். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று இப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உள்ளே இருக்கும் எங்கள் பொருட்களின் கணக்கு: மூடியோடு அண்டா 1, சட்டுவம் 2, கரண்டி 4, வாளி 3, குத்துவிளக்கு 1, கோரைப்பாய் 14, ஜமுக்காளம் 2. பாயைக் கரையான் தின்றிருக்கும், போகட்டும். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொள்கிறோம். கதவைத் திறக்கும் நாளை ஒரு நாள் முன்னதாகச் சொல்லி அனுப்புங்கள். விளக்குமாறோடு நாங்கள் வந்துவிடுகிறோம். கிழக்குக் குடியிருப்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம், நானே நேரில் போய்க் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
மகளிர் குழுவின் முன்னாள் ஊக்குநர்,
புதுக்கோட்டை மாவட்டம்